மகன் நட்ட கல்: டண்டீ ஹவ்ஃபில் ஒரு வாசகத்தைப் படித்த குறிப்பு

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில், மெடோசைடு தெருவை ஒட்டி ஹவ்ஃப் என்றொரு பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துத் தோட்டமாக இருந்த நிலம் அது. 1564-இல் மேரி ராணி அதை ஊருக்கு இடுகாடாகக் கொடுத்தார். ரொட்டி சுடுவோர், செருப்புத் தைப்போர், தையல்காரர், கொல்லர், நெசவாளர் என்று டண்டீயில் ஒன்பது கைவினைச் சங்கங்கள் உண்டு. 1770-களில் சொந்தக் கட்டடம் எழுப்பிக்கொள்ளும் வரை அவர்கள் கூட்டம் போட்டது இந்தக் கல்லறைகளுக்கு நடுவேதான். ஊரை ஆண்ட குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவருக்கு டண்டீயில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன்.

நான் எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் சால்மர்ஸின் கல். 1782-இல் ஆர்புரோத்தில் பிறந்தவர், தொழிலால் நெசவாளர். பிறகு டண்டீக்கு வந்து புத்தகக் கடையும் அச்சகமும் நடத்தினார், பத்திரிகையும் வெளியிட்டார். நகரமன்ற உறுப்பினராக இருந்தார், ஒன்பது சங்கங்களுக்கும் கன்வீனராக, அதாவது கூட்டுத் தலைவராக, உயர்ந்தார். 1815-இல் மான்ட்ரோஸ் ஊரின் பெய்லி ஒருவருடைய மகள் பார்பரா டிக்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். பெய்லி என்றால் நகரமன்றத்தில் நீதி வழங்கும் அதிகாரமும் உள்ள மூத்த உறுப்பினர். ஆக, பார்பராவுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டு பக்கமும் ஊர்ப் பொறுப்போடு தொடர்புள்ள குடும்பம். ஆனால் அவர் பெயர் இன்று வரை பேசப்படுவது வேறொரு காரணத்துக்காக. பின்னால் பசை தடவிய தபால்தலையை முதலில் யோசித்தவர் அவர்தான் என்று அந்தக் கல் சொல்கிறது.

முதலில் கல்லைப் படிப்பது எப்படி என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பாதி கல்லைக் கெடுப்பவை.

ஹவ்ஃபில் உள்ள பழைய கற்களில் பெரும்பாலானவை மணற்கல். மணற்கல் படிவுப் படிவாக உருவானது. மழை நீர் உள்ளே இறங்கி, குளிரில் உறைந்து விரிந்தால் மேல் படிவு வெங்காயத் தோல் மாதிரி கழன்றுவிடும். எழுத்து முழுக்க அந்த மேல் படிவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட கல்லில் கம்பி பிரஷ் போடுவது, ஷேவிங் க்ரீம் தடவுவது, சாக்பீஸ் தேய்ப்பது, மாவு தூவுவது எல்லாமே தப்பு. க்ரீமில் உள்ள ரசாயனம் கல்லின் துளைகளுக்குள் போய்த் தங்கிவிடும். காகிதம் வைத்துத் தேய்த்து நகல் எடுப்பதையும் நான் செய்வதில்லை, கை அழுத்தத்திலேயே உதிரும் கற்கள் இங்கே உண்டு. கற்பாசியையும் சுரண்டக் கூடாது. அது பெயரும்போது கூடவே கல்லையும் கொண்டு போகும்.

தேவைப்படுவது வெளிச்சம் ஒன்றுதான், அதுவும் பக்கவாட்டிலிருந்து. நேர் வெளிச்சத்தில் வெறும் சாம்பல் பரப்பாகத் தெரியும் கல்லில், ஒளி கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போனால் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். டண்டீ 56 டிகிரி வடக்கில் இருப்பதால் டிசம்பர் நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 10 டிகிரிதான் ஏறும். ஊர்க்காரர்களுக்கு அது சலிப்பான வெயில், நமக்கு அது வரம். சூரியன் சரியான பக்கத்தில் இல்லாதபோது முழு உயரக் கண்ணாடி ஒன்று போதும். சட்டமிட்ட கண்ணாடியை என் மனைவி சில அடி தள்ளி வெயிலில் பிடித்துக்கொள்ள, நான் சைகை காட்டக் காட்ட, ஒளியைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்வாக வீசச் செய்வோம். மேகமூட்டமான நாளில் கறுப்புக் குடையால் கல்லை மறைத்துக்கொண்டு டார்ச்சை ஓரமாக வைத்துப் பிடிக்கலாம். ஒரே கோணத்தில் எடுத்த படத்தோடு நிறுத்தக் கூடாது. ஒளியை இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். கேமரா மட்டும் முக்காலியில் அசையாமல் இருக்கட்டும். இடப்பக்க ஒளியில் 3 ஆகத் தெரிந்தது வலப்பக்க ஒளியில் 8 ஆவது சாதாரணம். 1853-ஐ 1858 என்று வாசித்தால் குடும்ப மரமே வேறு கிளைக்குப் போய்விடும்.

சால்மர்ஸ் கல்லின் எழுத்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, அதனால் பெரிய சிரமம் இல்லை. கண் பழகுவதற்கு நான் முதலில் சுற்றியிருந்த பழைய கற்களில்தான் நேரம் செலவழித்தேன். அவற்றில் பல எழுத்தைவிடச் சின்னத்தால் பேசுகின்றன. கிரீடம் சூட்டிய சுத்தியல் என்றால் கொல்லர் சங்கம். கிரீடத்தின் கீழே பிறை வடிவக் கத்தி என்றால் செருப்புத் தைப்பவர். கத்தரிக்கோல் தையல்காரருக்கு, நெசவு நாடா நெசவாளருக்கு, நீண்ட ரொட்டித் துடுப்பு பேக்கருக்கு. ஆங்கில 4 வடிவில் ஒரு குறி இருந்தால் அது வணிகருடைய முத்திரை. பழைய கற்களில் J வர வேண்டிய இடத்தில் I இருக்கும், U வர வேண்டிய இடத்தில் V இருக்கும், இடம் போதாதபோது இரண்டு எழுத்துகள் ஒரே காலைப் பங்கிட்டுக்கொள்ளும். கணவன் பெயரின் முதல் எழுத்துகளும் மனைவி பெயரின் முதல் எழுத்துகளும் அருகருகே வெட்டப்பட்டிருக்கும்.

ஸ்காட்லாந்துக் கற்களை எனக்கு ரொம்பப் பிடிக்கச் செய்தது இந்தப் பெண்கள் பெயர்தான். கல்யாணமான பெண்ணுக்கு அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரையே சட்டப் பத்திரத்திலும் கல்லிலும் எழுதுவது இங்கே வழக்கம். இங்கிலாந்தில் மனைவியின் பெயர் கணவன் பெயருக்குள் கரைந்துபோன இடத்தில், இங்கே இரண்டு குடும்பங்களும் ஒரே கல்லில் நிற்கின்றன. அதோடு பெயர் வைக்கும் முறையும் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்று பல குடும்பங்கள் வரிசை பிடித்து வைத்தன. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துப் பழகிய நமக்கு இதைப் பிடித்துக்கொள்ள அரை நிமிடம் போதும். ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த சட்டம் அல்ல இது. தேடலுக்குத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைக்கக் கூடாது.

படி எடுக்கும்போது நான் வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இவ்வளவுதான்: கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே என் தாளிலும் வரி முடியும், எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே இருக்கும், சந்தேகமான எழுத்து சதுர அடைப்புக்குள் போகும், யூகம் தனிப் பத்தியில் போகும். பின்பக்கத்தையும் இரண்டு விளிம்புகளையும் பார்க்காமல் நகர்வதில்லை. கல் வெட்டியவரின் பெயர், இடுகுழியின் எண் எல்லாம் அங்கே ஒளிந்திருக்கும்.

இனி சால்மர்ஸ் கல் சொல்வது. சுருக்கமாகச் சொன்னால்: டண்டீ புத்தக வியாபாரி ஜேம்ஸ் சால்மர்ஸ், பிறப்பு 1782, இறப்பு 1853. ஒட்டும் தபால்தலையைத் தோற்றுவித்தவர். 1840-ஆம் ஆண்டின் பென்னி தபால் திட்டம் (நாட்டுக்குள் தூரம் எவ்வளவானாலும் சாதாரணக் கடிதத்துக்கு ஒரே ஒரு பென்னி) சரிந்து விழாமல் காப்பாற்றி அதை முழு வெற்றியாக்கியது அந்தத் தபால்தலைதான். அதற்குப் பிறகு உலகத்துத் தபால் துறைகள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. கடைசியில், இந்த நினைவுக் கல்லை வைத்தது விம்பிள்டனில் வசிக்கும் மகன் பேட்ரிக் சால்மர்ஸ், 1888.

என்னை அங்கேயே நிறுத்தியது அந்தக் கடைசி எண். இறந்தவர் 1853-இல் போய்விட்டார். வாசகம் வந்தது 35 ஆண்டு கழித்து. பிறப்பு, இறப்பு இரண்டும் குடும்பத் தகவல். மீதி மொத்தமும் ஒரு வாதம். அதுவும் மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டே போகும் வாதம். சாதாரணக் கல்லறைக் கல்லில் துக்கம் இருக்கும், வேத வசனம் இருக்கும். இதில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார். அவர் ரோலண்ட் ஹில், அந்தப் பென்னி தபால் திட்டத்தை முன்வைத்தவர், தபால்தலையின் பெருமையும் பொதுவாக அவருக்கே தரப்படுகிறது. 1879-இல் இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டவர்.

அதனால் வாசகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். குடும்பத் தகவலுக்கு ஒரு தேடல், வாதத்துக்கு ஒரு தேடல்.

குடும்பத் தேடலில் ஒரு தடை உடனே வந்தது. ஸ்காட்லாந்தில் அரசாங்கப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-இல். அந்தப் பதிவில் இறந்தவரின் அப்பா பெயரும், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்த்தே எழுதப்படும். தொடங்கிய முதல் வருஷச் சான்றுகளில் இன்னும் நிறைய விவரம் கேட்டார்கள். சால்மர்ஸ் இறந்தது 1853 ஆகஸ்டில். ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு பொக்கிஷம் கைநழுவிப் போகிறது. அவருக்கு இருப்பவை பழைய திருச்சபைப் பதிவேடுகளும் அடக்கப் பதிவும் செய்தித்தாள் அறிவிப்பும் மட்டும்தான். இப்படிப்பட்ட இடத்தில் செய்ய வேண்டியது, அதே பெற்றோருக்குப் பிறந்து 1855-க்குப் பிறகு ஸ்காட்லாந்துக்குள்ளேயே இறந்த சகோதர சகோதரிகளைத் தேடுவது. அவர்களுடைய சான்றில் அதே அப்பா அம்மா பெயர் கிடைத்துவிடும். எல்லை தாண்டி இங்கிலாந்துக்குப் போன பிள்ளைகள் இதற்கு உதவ மாட்டார்கள், அந்தக் கால இங்கிலாந்து இறப்புச் சான்றில் பெற்றோர் பெயருக்கு இடமே இல்லை. இந்தப் பதிவுகள் எல்லாம் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் இருக்கின்றன, படம் ஒவ்வொன்றுக்கும் காசு கட்டினால் பார்க்கலாம்.

மக்கள்தொகைக் கணக்கிலும் ஒரு கண் வேண்டும். 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதைக் கீழே உள்ள ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 59 வயதுக்காரர் விதிப்படி 55 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது, இதே கவுன்ட்டியில், அதாவது மாவட்டத்தில், பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். ஆர்புரோத்தும் டண்டீயும் ஒரே கவுன்ட்டி என்பதால் அந்தத் தகவலால் நமக்குப் பயன் இல்லை. 1851-க்கு வந்தால்தான் பிறந்த ஊரின் பெயர் கிடைக்கும்.

ஊர்ப் பொறுப்பில் இருந்த குடும்பங்களுக்கு மட்டும் கிடைக்கும் இன்னொரு வாசல் பர்ஜெஸ் பதிவேடு. பர்ஜெஸ் என்றால் ஊரில் கடை வைக்கவும் தொழில் நடத்தவும் உரிமை பெற்ற குடிமகன். அந்த உரிமை அப்பா வழியாக வரலாம், பர்ஜெஸ் ஒருவரின் மகளைக் கட்டியதால் வரலாம், தொழில் பழகி முடித்து வரலாம், பணம் கட்டியும் வாங்கலாம். எந்த வழியில் வந்தது என்பதையும் பதிவில் எழுதுவார்கள். அதனால் ஒரு வரிக்குள் அப்பா பெயரோ மாமனார் பெயரோ கிடைத்துவிடும். டண்டீயின் பதிவேட்டுக்கு லாக்கிட் புக் என்று பெயர், 1513-இலிருந்து இருக்கிறது. டண்டீ நகர ஆவணக் காப்பகத்தின் நண்பர்கள் குழு அதையும் ஹவ்ஃப் அடக்கப் பதிவுகளையும் தேடக்கூடிய பட்டியலாக இணையத்தில் போட்டிருக்கிறது. சம்பளம் வாங்காமல் இதைச் செய்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அப்புறம் வாதம். இதற்கு ஒரு அட்டவணை போட்டேன். இடப்பக்கம் சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதி. வலப்பக்கம் அது முதன்முதலில் காகிதத்தில் ஏறிய தேதி. குடும்ப வரலாறு எழுதும் யாருக்கும் இந்த இரண்டு பத்தி முறையைச் சிபாரிசு செய்வேன்.

பேட்ரிக்கின் கட்சி என்னவென்றால், அப்பா 1834 ஆகஸ்டிலேயே தன் அச்சகத்தில் மாதிரித் தபால்தலைகளை அச்சடித்துப் பசை தடவிக் காட்டினார் என்பது. அதற்கு ஆதாரம் அந்தக் கடையில் வேலை பார்த்தவர்களின் நினைவு. ஆனால் அந்த நினைவுகள் எழுத்தில் வந்தது ரோலண்ட் ஹில் இறந்த பிறகு. என் அட்டவணையில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் நடுவே 45 ஆண்டுக்கு மேல் இடைவெளி.

ரோலண்ட் ஹில் பக்கம் பார்த்தால், 1837 பிப்ரவரி 13-இல் தபால் துறை விசாரணைக் குழுவின் முன் அவர் சாட்சி சொல்லும்போதே, பின்பக்கம் பசை பூசிய சின்னத் தாள் துண்டு பற்றிச் சொல்லிவிட்டார். அது அச்சிலும் வந்தது. இடைவெளி கிட்டத்தட்டக் கிடையாது.

ஜேம்ஸ் சால்மர்ஸ் தன் கையால் எழுதியது என்ன? 1838 பிப்ரவரி 8 தேதியிட்ட அவருடைய திட்டம் இருக்கிறது, மாதிரித் தலைகளோடு. தபால் சீர்திருத்தத்துக்காக ஹில்லோடு உழைத்த ஹென்ரி கோல் சேர்த்து வைத்த தபால் சீர்திருத்த ஆவணங்களோடு அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1839-இல் அவர் எழுதிய கடிதத்தில், இந்த யோசனையைத் தான் வெளிப்படையாகச் சொல்லி ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகிறது என்கிறார். கணக்குப் போட்டால் 1837-இன் கடைசி. 1834 என்று அவர் சொல்லவில்லை. 1840 மே மாதம் ஹில்லுக்கு எழுதும்போது, நீங்கள் முன்பே சொல்லியிருந்தது தெரிந்திருந்தால் நான் உரிமை கோரியிருக்க மாட்டேன் என்ற பொருளில் ஒதுங்கிக்கொள்கிறார். அப்பா தவறாக நம்பவைக்கப்பட்டு விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது பேட்ரிக்கின் விளக்கம். 1880-களில் அவரும் ரோலண்ட் ஹில்லின் மகன் பியர்சன் ஹில்லும் மாற்றி மாற்றித் துண்டுப் பிரசுரம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். இரண்டு அப்பாக்களும் மண்ணுக்குள், இரண்டு பிள்ளைகள் மேலே நின்று வழக்காடுகிறார்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது, தோற்றுவித்தவர் என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்தில் உள்ள சான்று ஹில்லுக்கு முதலிடம் தருகிறது. ஆனால் கல்லின் அடுத்த வரி இருக்கிறதே, திட்டம் சரியாமல் காத்தது என்று, அதை மகனின் மிகை என்று ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் எனக்குக் கல்லின் மேல் மதிப்பு கூடியது.

ஹில் 1837-இல் சொன்ன ஒட்டும் துண்டு ஒரு துணை ஏற்பாடுதான். முத்திரையிட்ட உறையில் மேல்விலாசம் எழுதத் தெரியாத ஆள் கடிதத்தோடு அஞ்சலகத்துக்கு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது அது. அவருடைய பெரிய நம்பிக்கை முன்கூட்டியே முத்திரை அச்சிட்ட உறைகள் மேல்தான். சால்மர்ஸோ ஒட்டும் தாளையே நடுவில் வைத்து முழுத் திட்டம் போட்டார். 1840 மே மாதம் இரண்டும் ஒரே நேரத்தில் மக்கள் கைக்கு வந்தன. ஓவியர் வில்லியம் முல்ரெடி வரைந்த உறையில், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா கை விரித்துத் தூதர்களை உலகமெங்கும் அனுப்புகிறாள், யானைகளும் ஒட்டகங்களும்கூட அதில் உண்டு. ஊரே சிரித்தது, கேலிப் படங்கள் கடைகளில் விற்றன. சில நாளிலேயே அதை மாற்ற வேண்டி வரும் என்று ஹில்லுக்கே தெரிந்துவிட்டது. சின்னக் கறுப்புத் தபால்தலையைத்தான் மக்கள் அள்ளிக்கொண்டார்கள். 1854-இல் இந்தியா முழுமைக்கும் தபால்தலை வந்தபோது வந்ததும் இந்த ஒட்டும் தாள்தான். திட்டம் தாக்குப்பிடித்ததில் அந்தத் தாளுக்கு இருந்த பங்கைப் பேட்ரிக் சரியாகவே கண்டிருக்கிறார். அதை மட்டும் கல்லில் எழுதியிருந்தால் யாராலும் மறுக்க முடிந்திருக்காது.

இன்னொரு வருத்தமும் எனக்கு உண்டு. 1820-களில் லண்டனுக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே தபால் வண்டியை விரைவாக்கச் சொல்லி சால்மர்ஸ் ஆண்டுக்கணக்கில் போராடி, ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய ஒரு நாளை மிச்சப்படுத்த வைத்தார். ஊருக்கு உடனே பலன் தந்த, சர்ச்சையே இல்லாத வேலை அது. அது கல்லில் இல்லை. ஒன்பது சங்கங்களின் கன்வீனராக இருந்ததும் இல்லை, அந்தச் சங்கங்கள் கூடிய அதே மண்ணில் கிடந்தும். ஒரே வழக்கில் ஜெயிக்க வேண்டும் என்ற தவிப்பில் மகன் மீதி வாழ்க்கையை வெளியே விட்டுவிட்டார்.

என் பதிவுத் தாளில் வாசகம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே, “1853-இல் இறந்தவர், வாசகம் 1888, மகன் வைத்தது” என்று ஒரு வரி. அதற்குக் கீழே அந்த அட்டவணை. பிறப்பு, இறப்பு ஆண்டுகளைக் குடும்ப மரத்தில் ஏற்றினேன். தபால்தலை பற்றிய கூற்றை மரத்தில் ஏற்றவில்லை, ஜேம்ஸின் பெயரோடு அல்லாமல் பேட்ரிக்கின் பெயரோடு, 1888 என்ற தேதியோடு சேர்த்திருக்கிறேன்.

அடுத்தது மான்ட்ரோஸ். பெய்லி டிக்சனின் தேடலை நகரமன்ற நடவடிக்கைக் குறிப்புகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெய்லிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்ததால், அவர் எந்தெந்த ஆண்டு பதவியில் இருந்தார் என்பது அதில் வரிசையாகக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், அந்த ஊரில் இருந்த மற்ற டிக்சன்களிலிருந்து பார்பராவின் அப்பாவைப் பிரித்தெடுக்க முடியும். கண்ணாடியும் கறுப்புக் குடையும் காரிலேயே இருக்கின்றன.